காப்பி, காப்பி என்று கத்துகிறவர்களுக்கு

நியூயார்க்கின் 'எ பிளேஸ் டு பரி ஸ்ட்ரேஞ்சர்ஸ்' குழுவின் முதல் ஆல்பம் 2007ல் வந்தது. அன்று முதல் அவர்கள் மேல் ஒரு குற்றச்சாட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது: பழைய ஷூகேஸ் இசையைத் தூசி தட்டி விற்கிறார்களாம். (ஷூகேஸ் என்றதும் செருப்பு வைக்கிற பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். கிடாரின் சத்தத்தை மாற்றும் பெடல்கள் மேடைத் தரையில் கிடக்கும். அவற்றையே பார்த்தபடி தலைகுனிந்து வாசித்த பிரிட்டிஷ் குழுக்களுக்கு அங்குள்ள பத்திரிகைகள் கிண்டலாக வைத்த பெயர் அது.)

சரி, எதைக் காப்பி அடித்தார்களாம்? 1991ல் மை பிளடி வேலன்டைன் குழுவின் 'லவ்லெஸ்' ஆல்பத்தில் கெவின் ஷீல்ட்ஸ், கிடாரின் ட்ரெமலோ கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டே மீட்டினார். சுருதி வழுக்கிக்கொண்டே போனது, குரல் இரைச்சலுக்குள் முங்கியது. அந்த சத்தத்துக்காக அதே மாடல் கிடார், அதே மாடல் பெடல் என்று கடை கடையாக ஏறி இறங்குகிற குழுக்கள் உண்டு. அவர்களைத் திட்டுங்கள், யார் வேண்டாம் என்றது?

ஆனால் இந்தக் குழுவின் ஆலிவர் ஆக்கர்மன் கடைக்குப் போகிற ஆள் இல்லை. கடையே அவர் போட்டதுதான்! 'டெத் பை ஆடியோ' என்ற பெடல் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். அதில் 'டோட்டல் சோனிக் அனைஹிலேஷன்' என்று ஒரு பெடல். இன்னொரு பெடலிலிருந்து வெளியே வரும் சத்தத்தைத் திரும்ப அதன் வாய்க்குள்ளேயே ஊட்டிவிடும். தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு மாதிரி சத்தம் சுற்றிச் சுற்றி, வாசிப்பவர் தொடாத ஸ்வரமெல்லாம் ஊளையிட ஆரம்பிக்கும். லவ்லெஸ்ஸில் இரைச்சல் மெத்தை, இங்கே அரம். இரண்டும் ஒன்றாகக் கேட்கிறதென்றால் கோளாறு கிடாரில் இல்லை.

குரல் விஷயத்தில் வேண்டுமானால் எதிர்க்கட்சிக்கு ஒரு பாயிண்ட் கொடுக்கலாம். அந்த உணர்ச்சியற்ற முணுமுணுப்பு 1985ல் ஜீசஸ் அண்ட் மேரி செயின் 'சைக்கோகேண்டி'யில் செய்ததுதான். மறுப்பதற்கில்லை. ஆனால் அதே ஆல்பத்தின் முதல் பாட்டு எப்படித் தொடங்குகிறது? 1963ல் ரோனெட்ஸின் 'பி மை பேபி'யில் வந்த டிரம்ஸை எடுத்து வைத்துக்கொண்டு! அது மட்டும் கிளாசிக். ஸ்காட்லாந்துக்காரர் எடுத்தால் பாதிப்பு, புரூக்ளின்காரர் எடுத்தால் திருட்டு... என்ன கணக்கு இது?

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் 2009ல் வந்த 'எக்ஸ்ப்ளோடிங் ஹெட்' ஆல்பத்தையும் லவ்லெஸ்ஸையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வரலாம். ஹெட்போனில் கேட்பதாக இருந்தால் முதலில் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.