அகர வரிசை அறியாக் கணினி

பிரிக்பீல்ட்ஸ் பெற்றோரிடையேயும் கிள்ளான் தமிழாசிரியர் சிலரிடையேயும் ஓர் எண்ணம் வேரூன்றிக் கிடக்கிறது. ஆறாம் படிவத்தில் கணினி பயில்வோன் தமிழைக் கைவிட்டவன். தமிழை எடுப்போன் கணினிக்கு ஆகாதவன். இப்பாகுபாட்டை வகுத்தவர் எவராயினும், அவர் கணினியையும் அறிந்திலர், தமிழையும் அறிந்திலர்.

எஸ்.டி.பி.எம். பாடங்களுள் தகவல் தொடர்புத் தொழில்நுட்பமும் உண்டு, தமிழும் உண்டு. இரண்டையும் ஒருசேர எடுக்கச் சில பள்ளிகளின் கால அட்டவணை இடந்தராது என்பது மெய்யே. ஆனால் அட்டவணையின் குறையை அறிவின் இலக்கணமாக்குவது எவ்வகை நியாயம்?

"நிரலுக்கு மொழி ஏது? கணக்குத்தானே!" என்பார் உளர். அன்னோர் 'கிள்ளான்' என்னும் ஊர்ப்பெயரையே கணினியிடம் கொடுத்து எண்ணச் சொல்லட்டும். நான்கெழுத்துச் சொல் அது. பைத்தான் நிரல் எட்டு என்று விடை தரும்! பிழை நிரலினது அன்று. 1991இல் வெளிவந்த யூனிகோடு, இந்தியாவின் இஸ்கி குறியீட்டைப் பின்பற்றித் தமிழுக்கு இடம் வகுத்தது. அதில் அகரமேறிய மெய்யே அடிப்படை. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி எண்கள். தமிழிலக்கணமோ மெய்யை முதலில் வைத்து, உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறப்பதாகச் சொல்லும். கணினியில் ககரம் முதலில் நிற்கிறது. புள்ளி பெற்ற பின்னரே அது மெய்யாகிறது. முறை தலைகீழ்.

அகராதி வரிசையும் அவ்வாறே. அகராதியில் 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னும் வரும். குறியீட்டெண்படி வரிசைப்படுத்தினால் 'பகல்' முந்திக்கொள்ளும். அக்குறியீட்டில் னகரம் நகரத்தின் அருகே அமர்ந்திருப்பதால், 'மயில்' வருமுன் 'மனம்' வந்து நிற்கும். இதனைத் திருத்தும் நிரலை யார் எழுதுவார்? தமிழறியாக் கணினியருக்குப் பிழை இருப்பதே தெரியாது. கணினியறியாத் தமிழருக்கோ பிழை தெரியும். திருத்தும் வழி தெரியாது.

மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் 1985இல் தொடங்கிய முயற்சி. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடிற்று. இம்மண்ணில் இதற்கு முன்னோடி இல்லை என்று எவரும் வாய் திறக்க இயலாது. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் நூல் தமிழிலேயே இருக்கிறது. 2019இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் பைத்தானைக் கற்பிக்கிறது. அந்நூல் இங்குள்ள எத்தனை தமிழாசிரியர் மேசையில் உண்டு?

டியூஷன் வகுப்புகளில் நிரலையும் குறிப்பாக எழுதி மனப்பாடம் செய்விக்கிறார்கள். (செய்யுளுக்கு நேர்ந்த கதி நிரலுக்கும்!) அதற்கு மாறாக, ஆறாம் படிவ மாணவர் இருவரிடம் ஐந்நூறு தமிழ்ச் சொற்களைக் கொடுத்து, அகராதி முறையில் அடுக்கும் நிரலை எழுதச் சொல்லலாம். எழுதியதைத் திருத்தக் கணினியாசிரியர் ஒருவர் போதார். தமிழாசிரியரும் அருகே அமர வேண்டும். ஆய்தத்தை எங்கே வைப்பது, கிரந்த எழுத்துகளை எங்கே சேர்ப்பது என்று அங்கே வழக்கு எழும். அவ்வழக்கைத் தீர்க்க வேண்டியவர் தமிழாசிரியரே.