எந்திரத்துக்கு எலுமிச்சம்பழம்! ஏழைக்கு?

தோழர்களே! ஓசூருக்கு வாருங்கள். கன்னட எல்லையாம் அத்திப்பள்ளிக்கு இப்பால், சிப்காட் வளாகத்தைச் சுற்றி முளைத்துள்ள சின்னஞ்சிறு பட்டறைகளுள் ஒன்றில் ஆயுத பூசையன்று நுழைந்து பாருங்கள். சாணைச் சக்கரத்துக்குச் சந்தனம்! துளையிடும் எந்திரத்துக்குச் செவ்வந்தி மாலை! வாயிலிலே பூசணிக்காய் உடைகிறது. அன்று ஒருநாளாவது எந்திரத்தின் தூசியைத் துடைக்கிறார்களே, அதில் நமக்கு மகிழ்ச்சிதான். துடைப்பதற்கும் நாள் பார்ப்பானேன்?

விடுமுறை முடிந்தபின் மீண்டும் போய்ப் பாருங்கள். பொட்டு வைத்த அதே எந்திரத்தின்முன் ஓர் இளைஞன் குனிந்து கிடப்பான். பற்றவைத்து வந்த சிறு இரும்புத் துண்டுகளின் கசடு தட்டி, தெறித்து ஒட்டிய துளிகளைச் செதுக்கி, பிசிறு நீக்கி, மெருகேற்றுவது அவன் வேலை. கண்ணிலே கண்ணாடியில்லை. சக்கரத்தின் காப்பு மூடியோ, வேலைக்கு இடைஞ்சலென்று கழற்றப்பட்டு மூலையிலே கிடக்கும். நான்கு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 11,000 முறை சுழலுமானால், அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது. உடைந்து தெறிக்கும் துண்டு, பூசை போட்ட பட்டறையா என்று விசாரித்துவிட்டா விழியிலே பாயும்?

பற்றவைப்பவன் 'வெல்டர்'. இவனோ வெறும் 'ஹெல்ப்பர்'! ஏன்? இவன் செய்வது துப்புரவு வேலையாம்! அழுக்கை ஆக்குபவன் மேலோன், அகற்றுபவன் கீழோன் என்று ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இந்நாட்டுக்குக் கற்பித்த வருண புத்தி, மின்விசை வந்த பட்டறைக்குள்ளும் செருப்பைக் கழற்றாமல் நுழைந்துவிட்டது.

இது அறிவு வேண்டாத வேலையா? கசட்டை விட்டுவிட்டு வண்ணம் பூசினால், வண்ணம் பெயர்ந்து துரு ஏறும். அளவு மீறித் தேய்த்தாலோ, பற்றவைப்பு மெலிந்து பாரம் தாங்காது. இழுவிசைக்குக் குறுக்கே ஆழமான கீறல் விழுந்தால் அங்கேதான் விரிசல் பிறக்கும். சாதாரண இரும்பைத் தேய்த்த கம்பித் தூரிகையால் துருப்பிடிக்காத எஃகைத் தேய்த்தால், அந்த எஃகும் துருப்பிடிக்கும்! எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கைக்குத்தான் 'ஹெல்ப்பர்' பட்டம்!

அந்த எஃகின் கருகலை நீக்கப் பூசும் பசையிலே ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டு. தோலைத் துளைத்து எலும்புவரை இறங்கும் நஞ்சு அது. உடனே நீரால் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவி, மருத்துவரிடம் விரையவேண்டும். குங்குமச் சிமிழ் இருக்கும் மாடத்திலே அந்தக் களிம்பு இருக்கிறதா? டப்பாவின்மேல் எச்சரிக்கை இருக்கிறது, ஆங்கிலத்தில்! தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஓசூரிலே, ஒடிசாவும் பீகாரும் விட்டுப் பிழைக்க வந்தவன் அதை எந்த மொழியில் படிப்பான்? புகையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பற்றவைப்புப் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவதென 2017-இல் முடிவு செய்தது.

சட்டம் இல்லையா என்பீர்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தன் 35-ஆம் பிரிவிலே கண் காப்பைப் பற்றி எழுதி வைத்தது. ஆனால் மின்விசையோடு 10 பேர் உழைத்தால்தான் அதன் கணக்கில் தொழிற்சாலை. 2020-இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்போ அந்தப் பத்தை இருபதாக்கிற்று! எட்டுப் பேர் உழைக்கும் பட்டறையில் போகும் கண், கண் இல்லையா?

"கொடுத்தாலும் மாட்டுவதில்லை, ஐயா!" என்கிறார் முதலாளி. கீறல் விழுந்து, வியர்வையிலே மங்கிப்போன கண்ணாடியைக் கொடுத்து, எண்ணிக்கைக்குக் கூலி என்றும் சொன்னால் எவன் மாட்டுவான்? துடைக்க நிற்கும் நேரத்துக்குக் கூலி உண்டா?

தோழர்களே! எல்லைப்புறப் பட்டறைகளிலே உங்கள் அண்ணனும் தம்பியும் இருக்கிறார்கள். பிசிறு நீக்கும் தங்கையும் இருக்கிறாள். அடுத்த ஆயுத பூசைக்குப் பொரியும் பூசணியும் எலுமிச்சம்பழமும் எத்தனையென்று முதலாளி பட்டியல் எழுதும்போது, அருகிலே நின்று கேளுங்கள்: கண்ணாடி எத்தனை?