அந்தக் கூடத்தை விட்டு நகரவே மாட்டார்களா?



சீரியலை விட்டால்தான் குடும்பம் உருப்படும் என்று அறிவுரை சொல்ல நான் வரவில்லை. நானே சீரியல் பைத்தியம்தான். சின்ன வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து 'சித்தி' (1999-2001) பார்த்தவள். 'மெட்டி ஒலி' ஐந்து பெண்களுக்காகவும் வீட்டுப் பாடத்தை விட்டுவிட்டு அழுதவள்!

2022-ல் சன் டி.வி.யில் 'எதிர்நீச்சல்' வந்தது. 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம் என்றதுமே இரவு ஒன்பதரைக்குள் பாத்திரம் தேய்த்து முடித்து, நானும் என் மாமியாரும் டி.வி. முன்னால் ஆஜர். படித்த பெண்களை மருமகளாக்கி அடுப்படியில் அடைத்து வைத்த வீட்டின் கதை. அந்த மருமகள்கள் அடுப்படியில் பேசிக்கொண்டதெல்லாம் நாம் பேசுகிற மாதிரியே இருந்தது. பத்தாவதோடு நின்ற எனக்கு அதைப் பார்த்துத்தான் தையல் வகுப்பில் சேர ஆசை வந்தது. வீட்டில் கேட்டபோது, "போகட்டுமே, என்ன இப்போ?" என்று முதலில் சொன்னது அத்தைதான். அந்த அரை மணி நேரம் இல்லையென்றால் அவர் வாயில் அந்த வார்த்தை வந்திருக்காது என்பேன்.

அப்புறம்தான் இழுவை. இன்றைக்குச் சபதம் போடுவார்கள், மறுநாள் அதே கூடத்தில் தலைகுனிந்து நிற்பார்கள். ஒரு அதட்டல், அதற்கு ஆளாளுக்கு முகத்தைக் காட்டி முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ல் காலமானது யார் கையிலும் இல்லாத விஷயம். அந்த இடத்துக்கு வந்த வேல ராமமூர்த்தியையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதை அதற்கு முன்பே நின்றுவிட்டது என்பதுதான் என் எண்ணம். நான் தையல் கற்று, அக்கம்பக்கத்துப் பிளவுஸ் தைத்துக் கையில் காசு பார்த்துவிட்டேன். அவர்கள் வாசற்படி தாண்டிய பாடில்லை!

2024 பொங்கலோடு நிறுத்திவிட்டேன். மனசுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. சீரியலுக்காக இல்லை, அத்தை தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து.

தூர்தர்ஷனில் பதின்மூன்று வாரம் என்று சொன்னால் பதின்மூன்று வாரத்தில் முடித்தார்கள் என்று அத்தையே சொல்வார். வாரம் ஒன்று போட்ட காலம் அது, இப்போது தினசரி. சரி, முந்நூறு நாள் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் முடிவை எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பிக்கக் கூடாதா? ரேட்டிங் இருக்கிற வரை ஓட்டுவது, விழுந்ததும் அவசரமாக மூட்டை கட்டுவது! கூடவே வந்த நமக்கு என்ன மரியாதை?

அந்தத் தொடர் 2024 ஜூனில் முடிகிற வரை அத்தை விடாமல் பார்த்தார். காலையில் நொச்சிக்குப்பத்து மீனை ஆய்ந்துகொண்டே, "நேத்து என்ன ஆச்சு அத்தே?" என்று கேட்பேன்.

"என்ன ஆகும்? இன்னும் கூடத்துலதான் நிக்கறாளுங்க" என்பார்.

- ஒரு வாசகி, சாந்தோம்.