பரிந்துரையும் பாயிரமும்

லூனாசிலிருந்து பினாங்குப் பல்கலைக்கழகம் வெகுதொலைவன்று. அதன் மேற்படிப்பு வாயில்தான் தொலைவிலுள்ளது. தோட்டத்திற் பிறந்து, பட்டம் பெற்று, பத்தாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் உழைத்த ஆசிரியை ஒருவர் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறார் எனக் கொள்ளலாம். பட்டச்சான்று உண்டு, ஆய்வுத் திட்டமும் உண்டு. ஆயினும், கற்பித்தோர் இருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்பது பல பல்கலைக்கழகங்களின் விதி. கற்பித்தவருள் ஒருவர் மறைந்துவிட்டார். ஒருவர் ஓய்வு பெற்று ஊர் மாறிவிட்டார். எஞ்சியவருக்கோ விரிவுரை மண்டபத்தின் பின்வரிசை முகம் நினைவில் இல்லை. குற்றம் யாருடையது?

தொடர்பைப் பேணாதது மாணவர் குற்றம் என்பர் சிலர். பால்மரம் வெட்டிய பெற்றோரின் பிள்ளைக்கு, பேராசிரியரின் அறைக்கதவைத் தட்டலாம் என்று சொல்லித்தந்தவர் யார்? படித்த குடும்பத்துப் பிள்ளை வீட்டிலேயே கற்கும் வழக்கம் அது. எனவே, இக்கடிதம் அளப்பது அறிவை அன்று, அறிமுகத்தை. கங்காணியின் சொல்லுக்குக் காத்து நின்ற காலம், இந்திய அரசின் 1938ஆம் ஆண்டுத் தடையோடு முடிந்தது. அவர் பேரப்பிள்ளைகள் இன்று வேறொரு வாயிலில் காத்து நிற்பது தகுமா?

தமிழ்மரபு இவ்வளவு குறுகியதன்று. சிறப்புப் பாயிரம் உரைக்க உரியோர் ஆசிரியர் மட்டுமல்லர். உடன்கற்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரும் உரியரே என்று 13ஆம் நூற்றாண்டு நன்னூல் வகுத்தது. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரின் உடன்மாணாக்கர் என்பது வழிவழிச் செய்தி. அவ்வாறாயின், பத்தாண்டுப் பணியை நேரிற் கண்ட தலைமையாசிரியரின் சான்று ஏன் ஏற்கப்படலாகாது?

பரிந்துரை இல்லையேல் தகுதியற்றோர் புகுவர் என்பது வலுவற்ற வாதம். ஆய்வுத் திட்டமும் நேர்காணலும் எதற்காக உள்ளன? இவ்விதியால் விளையும் கேடோ பெரிது. விண்ணப்பிப்பவரே கடிதத்தை எழுதிக் கொடுக்க, பெரியவர் கையொப்பமிடும் வழக்கம் அதனாலேயே வளர்கிறது. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று விதித்த நன்னூலைக் கற்பிப்போர் இதற்கு உடன்படலாமா?

பட்டம் பெற்று ஐந்தாண்டு கடந்தோர்க்குப் பணியிடச் சான்றே போதும் எனப் பல்கலைக்கழகங்கள் விதி திருத்த வேண்டும். அதுவரை, விரிவுரையாளர் தம் மாணவர் ஒவ்வொருவரைப் பற்றியும் இரு வரியேனும் குறித்து வைத்தல் கடன். கல்லூரியை விட்டு நீங்கும் மாணவரும், திருத்தப்பெற்ற தம் கட்டுரைகளைப் பாதுகாத்து, பின்னாளில் கடிதம் வேண்டும்போது அவற்றை உடன் அனுப்புதல் நன்று. மறந்த முகத்தையும் எழுத்து நினைவூட்டும்.

உழைப்பால் உயர்ந்தோரை ஒரு தாளுக்காகத் திருப்பி அனுப்பும் வாயில், கல்வியின் வாயில் ஆகாது.