சிலிண்டர் விலை பேசும் அவை வெந்நீரையும் பேசட்டும்

புது தில்லி: சமையல் எரிவாயு விலை உயரும்போதெல்லாம் நாடாளுமன்றத்தில் அமளி எழுகிறது. மானியம் எவ்வளவு, யாருக்கு என்று கேட்கும் உறுப்பினர்கள், அந்த எரிவாயு எதற்கெல்லாம் எரிகிறது என்று கேட்பதில்லை. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த இந்த எரிபொருளில் ஏறத்தாழ 60 சதவீதத்தை இறக்குமதி செய்யும் நாடு, அதைக் குளியல் நீர் காய்ச்சவும் செலவிடுகிறது.

மும்பை மாட்டுங்காவில் அறையைச் சூடாக்கும் தேவை எவருக்கும் இல்லை. காலையில் வெந்நீர் போதும். 1896-இல் பரவிய பிளேக் நோய்க்குப் பிறகு உருவான நகர மேம்பாட்டு அறக்கட்டளை, காற்றோட்டம் கருதியே திட்டமிட்ட பகுதி அது. ஆனால், அங்குள்ள வீடுகளின் சிறிய குளியலறைகளில் கேஸ் கீசர் எரிந்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். இந்த நச்சுக்கு மும்பை உயிர்களைப் பலி கொடுத்திருக்கிறது.

இதற்கு மாற்று, ஹீட் பம்ப் எனப்படும் வெப்பப் பம்பு. குளிர்சாதனப் பெட்டி தன்னுள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது அல்லவா? அதேபோல் இது வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தொட்டி நீருக்குத் தருகிறது. 200 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு உயர்த்த மின் கீசருக்கு 7 யூனிட் மின்சாரம் தேவை. இதற்குச் சுமார் இரண்டரை யூனிட் போதும். காற்று குளிர்ந்தால் திறன் குறையும் என்பது உண்மை. தில்லியின் ஜனவரியில் திணறக்கூடிய இக்கருவிக்கு மும்பையின் தட்பவெப்பம் வாய்ப்பானது.

விலைதான் தடை. மின் கீசரைவிட இது பல மடங்கு அதிகம். மொட்டை மாடியில் பொதுவாக நிறுவலாம் என்றால் சங்கம் இசைய வேண்டும். 'பகடி' முறையில் வாடகைக்கு விடப்பட்ட பழைய கட்டடங்களில் சிக்கல் இன்னும் பெரிது. பணம் போட வேண்டியவர் உரிமையாளர். செலவு குறைவதோ குடியிருப்பவருக்கு. அவர் ஏன் போடுவார்?

எரிவாயு குறித்த கேள்வி பெட்ரோலிய அமைச்சகத்துக்குச் செல்கிறது. மின்சிக்கனம் மின்சார அமைச்சகத்தின் பொறுப்பு. கட்டட அனுமதி மாநகராட்சியிடம். வெந்நீர் மூவருக்கும் நடுவே ஆறிக் கிடக்கிறது.

வழி தெரியாததல்ல. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில், அரசு நிறுவனமான இஇஎஸ்எல் எல்இடி பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தது, ரூ.300-ஐத் தாண்டியிருந்த பல்பின் கொள்முதல் விலை சில ஆண்டுகளில் ரூ.40-க்கும் கீழே இறங்கியது. வெப்பப் பம்பின் விலை அந்த அளவுக்குச் சரியாது. பல்பு வேறு, இயந்திரம் வேறு. ஆயினும் குடியிருப்புச் சங்கங்களுக்காக மத்திய அரசு மொத்தமாக வாங்கித் தவணையில் தரலாம். பழைய கட்டடங்களை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பப்படும் பகுதிகளில், வெப்பப் பம்புக்கான இடத்தையும் குழாய்களையும் வரைபட நிலையிலேயே மாநகராட்சி கட்டாயமாக்கலாம். கட்டி முடித்த பிறகு சுவரை உடைப்பதைவிட அது மலிவு.