எக்கைப்பேசி தக்கது?

ஒரு பொருளின் பெருமையை விலைகொண்டு அளப்பது ஒரு முறை. நாள்தோறும் அது நமக்குச் செய்யும் ஊழியங்கொண்டு அளப்பது மற்றொரு முறை. நம் கல்லூரித் தாழ்வாரங்களில் ஓயாது நிகழும் வழக்கொன்று முதன்முறையையே பற்றி நிற்கின்றது. ஆப்பிள் கம்பெனியாரின் ஐபோன் சிறந்ததா, சாம்சங் கம்பெனியாரின் காலக்ஸி சிறந்ததா என்பதே அவ்வழக்கு. 2024 செப்டம்பரில் வெளிவந்த ஐபோன் 16 புரோ மாக்ஸையும், 2025 ஜனவரியில் அறிமுகமான காலக்ஸி எஸ்25 அல்ட்ராவையும் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

வெளிவந்த பொழுது இந்தியாவில் ஐபோனின் தொடக்க விலை ரூ. 1,44,900, காலக்ஸியினது ரூ. 1,29,999. இரண்டன் திரையும் 6.9 அங்குலமே. எடை முறையே 227 கிராமும் 218 கிராமும்; இவ்வேற்றுமையைச் சட்டைப்பை அறியாது. காலக்ஸியின் முதன்மைக் காமிரா 200 மெகாபிக்சல், ஐபோனினது 48 என்று வெற்றி முழக்குவாரும் உளர். ஆயின் காலக்ஸி வழக்கமாகத் தருவது, பதினாறு புள்ளிகளை ஒன்றாகத் திரட்டிய 12 மெகாபிக்சல் படமே. ஐபோன் தருவது 24. பெட்டியின்மேல் அச்சிட்ட எண் படத்தின் தரமாகாது என்பது இதனாற் பெறப்படும்.

அன்றாடம் உணரத்தக்க வேற்றுமைகள் சிலவே. நண்பகல் வெயிலில், எதிரொளியைத் தணிக்கும் காலக்ஸியின் கண்ணாடி கண்ணுக்கு இதமளிக்கின்றது. அதனுள் அடங்கிய எழுதுகோல் குறிப்பெடுப்பார்க்கு உதவும். வீடியோ எடுப்பதில் ஐபோனே நமக்கு உவப்பானது.

பெரிய வேற்றுமை கருவியிலன்று, அதனைச் சூழ்ந்த வேலியிலுள்ளது. ஆப்பிள் கைக்கடிகாரம் காலக்ஸியுடன் இயையாது. 2021 முதல் வந்த காலக்ஸிக் கடிகாரங்களோ ஐபோனுடன் இயையா. ஒரு கடையிற் பணங்கொடுத்து வாங்கிய செயலியைப் பெரும்பாலும் மற்றதில் மீண்டும் விலைகொடுத்தே பெறல் வேண்டும். ஆதலின், வாங்குமுன் வினவற்பாலது, ‘இதனுள் என்ன உண்டு?’ என்பதினும், ‘இதனை விட்டு நீங்க என்ன செலவாகும்?’ என்பதே.

இனி, ஆயுளை நோக்குவோம். எஸ்25 வரிசைக்கு ஏழாண்டு மென்பொருட் புதுப்பிப்பு உண்டென்று சாம்சங் உறுதி கூறியுள்ளது. 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ் 2024-இன் ஐஓஎஸ் 18-ஐயும் பெற்றது. நடுவே ஒருமுறை பேட்டரியை மாற்றினால் இரண்டும் நெடுநாள் உழைக்கும். பழையதை விற்றுப் பெறுந்தொகையைக் கருதாது கணக்கிட்டால், காலக்ஸியை ஏழாண்டு வைத்திருப்பார்க்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ ரூ. 18,600; ஈராண்டில் மாற்றுவார்க்கோ ரூ. 65,000.

‘ஏழாண்டு யார் வைத்திருப்பார்?’ என்று நகைப்பார் உளர். அங்ஙனமாயின், ஏழாண்டு உழைக்கும் பொருளுக்கு அவர் விலை கொடுப்பானேன்? பாதி விலைக் கைப்பேசியும் ஈராண்டு இனிதே உழைக்குமன்றோ?

எனவே நம் துணிபு இது. நெடுநாள் வைத்திருக்க எண்ணுவார், தம் இல்லத்தாரும் தம் பிற கருவிகளும் எவ்வேலிக்குள் உள்ளனவோ அதனையே தேர்க; இரண்டும் நல்லனவே. அடிக்கடி மாற்ற விழைவார்க்கு இரண்டும் வேண்டா. மாணாக்க நண்பர்களே, மாதத் தவணையிற் பெறும் பெருமைக்குத் தந்தையாரின் ஊதியம் ஈடாக நிற்கின்றதென்பதை மறவாதீர்கள்.