வயிறு தட்டும் வண்டிகள்!

மாலை 4 மணி ஆகிவிட்டால் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு வண்டிகள் வரத் தொடங்கும். சுண்டல் வண்டி, பஜ்ஜி வண்டி, கரும்புச் சாறு வண்டி என்று பல வண்டிகள். ஒரு காலத்தில் எல்லாமே கையால் தள்ளி வந்தவைதான். இப்போது சிலர் ஸ்கூட்டர் அல்லது ஆட்டோவின் பின்னால் கட்டி இழுத்து வருகிறார்கள்.

வழியில் வேகத்தடை. முன் சக்கரம் ஏறி இறங்கும். அடுத்த நொடி, "டமார்!"

வண்டியின் அடித்தட்டு மேட்டில் மோதிவிட்டது. பல வண்டிகளில் அந்தத் தட்டில்தான் கியாஸ் சிலிண்டர் இருக்கிறது. ரப்பர் குழாயும் அங்கேதான் தொங்குகிறது. குழாய் உரசிக் கிழிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

"வண்டியைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் போதாதா?" என்று கேட்பார்கள். உயர்த்தலாம். அதற்கு முறை இருக்கிறது.

பெரிய சக்கரம் போடுவது ஒரு வழி. சக்கரத்தின் குறுக்களவை 4 அங்குலம் கூட்டினால், வண்டி உயர்வது 2 அங்குலம்தான். அந்தக் காலத்து மாட்டு வண்டிக்கு ஆள் மார்பு உயரம் சக்கரம் வைத்தார்களே, அது அழகுக்கா? பள்ளத்திலும் சேற்றிலும் அச்சு தட்டாமல் போவதற்குத்தான்!

வில்பட்டை உள்ள வண்டிக்கு வேறு வழி உண்டு. அச்சு பட்டைக்கு மேலே இருந்தால், அதைக் கீழே மாற்றிப் பூட்டலாம். பட்டையின் கனமும் அச்சின் கனமும் சேர்ந்த அளவுக்கு வண்டி உயரும். இதைத் தெரிந்த பட்டறைக்காரரிடம்தான் செய்ய வேண்டும்.

இரண்டு சக்கர வண்டியானால், இழுக்கும் கொண்டியையும் கவனிக்க வேண்டும். கொண்டி தாழ்ந்திருந்தால் வண்டியின் மூக்கு தட்டும். உயர்ந்திருந்தால் வால் தட்டும். வண்டி மட்டமாக நிற்க வேண்டும். பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொண்டியின் மேல் விழ வேண்டும். குறைந்தால் வண்டி பாம்பு போல் ஆடும்.

உயர்ந்தால் கவிழும்

இங்கேதான் ஆபத்து. வண்டி உயர்ந்தால் சுமையும் உயரும். அகலம் குறைந்த வண்டி, திருப்பத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கொதித்த எண்ணெய்ச் சட்டி மேலே இருந்தால், பக்கத்தில் நடந்து போகும் குழந்தைக்கு என்ன கதி? எண்ணெய் ஆறும் முன் வண்டியை நகர்த்தவே கூடாது. சிலிண்டரைக் கழற்றித் தனியாகக் கொண்டு போக வேண்டும். பதிவு செய்யாத வண்டியை மோட்டார் வாகனத்தில் கட்டி இழுக்கச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும் வியாபாரிகள் மறக்கக் கூடாது.

ஆனால் குற்றம் முழுவதும் வியாபாரி தலையில் விழுவது நியாயமா?

வேகத்தடைக்கு அளவு இருக்கிறது. இந்திய சாலை காங்கிரஸ் 1988-ல் வகுத்த விதிப்படி, அதன் உயரம் 10 சென்டிமீட்டராக இருந்தது. அகலம் 3.7 மீட்டர். மணிக்கு 25 கிலோ மீட்டர் வேகத்தில் தாண்டுவதற்கு ஏற்ற, தட்டையாக வளைந்த மேடு அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் ஒன்றரை மீட்டர் தூரம் உள்ள வண்டி அந்த மேட்டில் ஏறினால், அதன் வயிற்றுக்கு அடியில் மேடு எழும்புவது 2 சென்டிமீட்டர்கூட இல்லை. எந்தத் தள்ளுவண்டியும் தட்டாது! அதே 10 சென்டிமீட்டர் உயரத்தை ஓர் அடி அகலத்தில் வரப்பு போலக் கட்டினால், முழு 10 சென்டிமீட்டரும் வயிற்றில் இடிக்கும்.

தெருவுக்குத் தெரு நாம் காண்பது எந்த வகை? பெரும்பாலும் வரப்பு வகைதான். கர்ப்பிணிப் பெண் ஆட்டோவில் போனால் தூக்கிப் போடுகிறது. ஆம்புலன்ஸில் படுத்திருக்கும் நோயாளிக்கும் அதே பாடு. தள்ளுவண்டிக்காரர் மட்டும் கைக்காசைப் போட்டு, சக்கரம் மாற்றி, கவிழும் ஆபத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம்!

வேகத்தடை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குழந்தைகள் குறுக்கே ஓடும் குப்பத்துத் தெருக்களில் அது கட்டாயம் தேவை. மாநகராட்சி அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேடாக அளக்கட்டும். வரப்புகளைச் சுரண்டிவிட்டு விதிப்படி போடட்டும். மேட்டின் மேல் வெள்ளைக் கோடும், முன்னால் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். வண்டிகள் வீடு திரும்புவது இரவில். பெயின்ட் அழிந்த மேடு இருட்டில் தெரிவதில்லை.